நிலத்தின் சம்மதம்

மனிதன், தன் கண்ணால் காணாத ஒன்றின்மீது தன் வாழ்வின் பாரத்தை ஏற்றி வைக்கலாமா, அப்படி ஏற்றி வைக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்னும் வினா, சமயவாதிகளுக்கும் தத்துவ விசாரம் செய்வோருக்கும் மட்டுமே உரியது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் சாஸ்திர நூல் எதையும் புரட்டியறியாத ஒரு சாதாரணக் கட்டிடப் பொறியாளரும், புதிய மனை ஒவ்வொன்றிலும் கடைக்கால் எடுப்பதற்கு முன்னால் இதே வினாவின் எதிரில்தான் வந்து நிற்கிறார். சுவரைக் கண்ணால் பார்க்கலாம், தூணைத் தட்டிப் பார்க்கலாம், கம்பியை எண்ணலாம், கலவையைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்க்கலாம். இவை அனைத்தையும் தாங்கப்போகிற மண், பத்தடி ஆழத்திலும் இருபதடி ஆழத்திலும் எப்படியிருக்கிறது என்பதையோ அதற்கு முன் ஒருவரும் பார்த்ததில்லை. கட்டிடம் எழுந்த பின்னர் ஒருவரும் பார்க்கப்போவதும் இல்லை. காணாததை நம்பித்தான் கட்டியாக வேண்டும். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் சிரத்தை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது, எந்த இடத்தில் வெறும் துணிச்சலாக இழிகிறது என்பதை ஆராய்வதற்கு, விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் நிலத்தைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்நிலத்தின் ஸ்வபாவம் அப்படிப்பட்டது. 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலை வேரூன்றச் செய்தபோதும், அதன் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழில் கிளைத்துப் பெருகியபோதும், அவர்களுக்குப் பெருந்துணையாக நின்றது இவ்வட்டாரத்தின் வறண்ட வெயில். குச்சி காய்வதற்கும் மருந்து உலர்வதற்கும் உதவுகின்ற அந்த வெயிலேதான் நிலத்தைப் பிளக்கவும் செய்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் விருதுநகரிலிருந்து சாத்தூர் செல்லும் சாலையை விட்டு இறங்கி, உழாத கரிசலில் சற்று நடந்து பார்த்தால், நிலம் பாளம் பாளமாக வெடித்து, முழங்கை மறையும்வரை கையை உள்ளே விடத்தக்க வெடிப்புகளோடு கிடப்பதையும், பாளத்தின் மேற்பரப்பு கடப்பாரையின் முனையைத் துள்ளச்செய்யும் அளவுக்கு இறுகியிருப்பதையும் காணலாம். அதே இடத்திற்கு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு சென்றால், வெடிப்புகள் மூடியிருக்கும். நிலம் உப்பி உயர்ந்திருக்கும். காலில் அப்பிய மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் விடும். மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமத்தின் மெல்லிய ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து ஏடுகளை விலக்குவதும், வெயிலில் அந்நீர் வெளியேற ஏடுகள் மீண்டும் நெருங்குவதுமே இதற்குக் காரணம் என்று ரசாயனம் சொல்லும். ஆனி மாதத்தில் ஒழுங்காகச் சாத்திய கதவு கார்த்திகையில் சாத்த மறுப்பதையும், ஜன்னல் மூலையிலிருந்து புறப்பட்ட விரிசல் படிக்கட்டுப்போல ஏறிக் கூரையைத் தொடுவதையும் பார்த்துப் பார்த்து, ரசாயனம் அறியாத வீட்டுக்காரரும் மண்ணின் குணத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. பாரம் மிகுந்த கட்டிடமே நிலத்துக்குச் சோதனை என்று பொதுவாக நினைக்கிறோம். கரிசலிலோ அடியிலிருந்து மேல்நோக்கி எழுகின்ற விசையை அழுத்தி அடக்குவதற்குப் போதிய கனமில்லாத சிறு வீடும், காம்பவுண்டுச் சுவரும், ஒன்றுக்கொன்று விலகித் தனித்தனியாக நிற்க வேண்டிய பட்டாசு ஆலையின் சிற்றறைகளுமே அதிகமாக வருந்துகின்றன. ஏழை எளியவர் கட்டுகிற சுவரைத்தான் இந்த மண் முதலில் பிளக்கிறது. ஆகவே, மண்ணைப் பரிசோதிப்பது மாடமாளிகை கட்டுவோரின் கவலை, நமக்கென்ன என்று ஒதுங்குவதற்கு இவ்வட்டாரத்தில் யாருக்கும் இடமில்லை.

காணாத நிலத்தை அறிந்துகொள்ளப் பொறியாளர் கையாளும் முறைகளில் மிகவும் பரவலானது, எஸ்.பி.டி. என்று எல்லோரும் சொல்லுகிற ஊடுருவல் சோதனை. அதன் கருவிகளைப் பார்ப்பவர், இவ்வளவுதானா என்று வியப்படையக்கூடும். இரும்புக் குழாய்களால் நிறுத்திய ஒரு முக்காலி. அதன் உச்சியில் ஒரு கப்பி. கயிற்றை இழுக்க ஒரு விஞ்ச். துளையின் வாய் வழியே இறங்கும் நீண்ட கம்பித் தொடர். அதன் நுனியில், நெடுக்காக இரண்டாகப் பிளந்து திறக்கத்தக்க, வெளிவிட்டம் 5 சென்டிமீட்டர் கொண்ட ஒரு குழாய். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை துளையிடுவதை நிறுத்தி, இக்குழாயைத் துளையின் அடியில் ஊன்றி, 63.5 கிலோ எடையுள்ள இரும்புச் சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழவைத்து அடிக்கிறார்கள். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதற்கான அடிகளைக் குறித்துக்கொண்டாலும் கணக்கில் சேர்ப்பதில்லை; துளையிட்டபோது கலைந்துபோன மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி வேண்டியிருந்தது என்பதே அந்த ஆழத்தில் மண் தருகின்ற மறுமொழி. மென்மையான களிமண் நான்கடி வாங்குவதற்குள் வழிவிட்டுவிடும். கரிசலுக்குக் கீழே சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் படிவத்தை எட்டியதும் எண்ணிக்கை சட்டென்று ஏறும். சிதைந்த பாறையில் ஐம்பது அடி அடித்தும் ஒரு சாண் இறங்காமல் நின்றுவிடும். சம்மட்டி விழும் ஓசையே மாறுவதால், கயிற்றைப் பிடித்திருக்கிற ஆள், எண்ணுகிறவர் வாய்திறப்பதற்கு முன்பே, கீழே மண் மாறிவிட்டதை அறிந்துகொள்கிறார். பின்னர் குழாயை மேலே எடுத்து, திருகைக் கழற்றி, இரு பாதிகளையும் விரித்தால், கருமையிலிருந்து சாம்பல் நிறத்துக்கும், இடையிடையே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெறித்த பழுப்புக்கும் மாறிச்செல்லும் ஒரு சாண் மண், சூரிய வெளிச்சத்தைக் கண்டறியாத ஈரத்தோடு அங்கே கிடக்கும்.

1902-ல் பாஸ்டன் நகரத்துச் சார்லஸ் கௌ என்னும் கட்டிட ஒப்பந்தக்காரர் துளைக்குள் குழாயை அடித்திறக்கி மண்ணின் மாதிரியை எடுக்கத் தொடங்கியதிலிருந்து இம்முறை வளர்ந்தது. மண் இயக்கவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் டெர்சாகி 1947-ல் இதற்கு இப்போதைய பெயரை வழங்கினார்; அடுத்த ஆண்டில் அவரும் ரால்ஃப் பெக்கும் சேர்ந்து வெளியிட்ட நூலின் வழியாக இது உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் ஐ.எஸ். 2131 என்னும் நியமம் இதற்கு விதி வகுத்திருக்கிறது. சரித்திரத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, இச்சோதனையால் கிடைக்கின்ற ஞானம் எத்தன்மையது என்னும் கேள்விக்கு வருவோம்.

சைவ சித்தாந்தத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பதி, பசு, பாசம் பற்றிய விசாரணைக்குள் நுழையும் முன்னர், ஒன்றை அறிந்தோம் என்று சொல்வதற்கு நமக்கு என்ன ஆதாரம் என்னும் அளவை இயலை முதலில் வைத்தார். பிறர் பலவாக விரித்த பிரமாணங்களையெல்லாம் அவர் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே அறிவின் தராசைச் சரிபார்க்க வேண்டும் என்ற அந்த நேர்மை, நம் மரபின் பெருமைகளில் தலையாயது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்தத் தராசில் ஊடுருவல் சோதனையை வைத்துப் பார்த்தால், பிளந்த குழாயில் கிடக்கும் ஒரு சாண் மண் காண்டல். நியமப் புத்தகம் உரை. ஆனால் அடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிலத்தின் வலிமையைத் துணிவது கருதலேயாகும். புகையைக் கண்டு மலைக்கு அப்பால் நெருப்புண்டு என்று துணிகிறவனைப்போல, எதிர்ப்பைக் கண்டு தாங்குதிறன் உண்டு என்று துணிகிறோம். அதுவும், கால் ஹெக்டேருக்கு மேலும் அகன்று கிடக்கும் ஒரு மனைக்கு நான்கு மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளைகள் இட்டுவிட்டு, அவற்றின் இடையே உள்ள நிலமும் அவற்றைப் போலவே இருக்கும் என்று மேலும் ஒரு துணிவை அதன்மேல் அடுக்குகிறோம்.

கருதல் என்னும் அனுமானத்தின் உயிர்நிலை வியாப்தி. ஏதுவும் சாத்தியமும் பிரியாமல் சேர்ந்திருத்தல். புகை உள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்பது பிழையற்ற வியாப்தி. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பதோ பிழையுடையது. பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டில் நெருப்புண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈரவிறகு சேர்ந்தால்தான் புகை எழும். வெளிப்படச் சொல்லாமல் உள்ளே மறைந்து நின்று, அனுமானத்தைக் கெடுக்கும் இந்த ஈரவிறகுச் சேர்க்கையைத் தார்க்கிகர்கள் உபாதி என்று அழைத்தார்கள். அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தில் இந்த உதாரணம் வருகிறது. பொதிகைச் சாரலில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழில் தந்ததால், வடமொழி அறியாதவரும் இதைக் கற்க வழி உண்டாயிற்று.

கரிசல் நிலத்தில் பொறியாளர் எதிர்கொள்ளும் ஆபத்து, வியக்கத்தக்க முறையில், இதே உபாதிதான். இங்கேயும் அந்த உபாதியின் பெயர் ஈரம். அக்கினி நட்சத்திர வெயிலில் சோதனை நடத்தினால், காய்ந்திறுகிய களிமண் சம்மட்டிக்கு எளிதில் வழிவிடாது. எண்ணிக்கை இருபதைக்கூடத் தாண்டி நிற்கும். அறிக்கையைப் படிப்பவர் இது உறுதியான நிலம் என்று மகிழ்வார். கார்த்திகையில் அதே துளையின் பக்கத்தில் இன்னொரு துளையிட்டு அதே ஆழத்தில் அடித்துப் பார்த்தால், எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். மண் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவையும் தன் நிலையை உள்ளபடியே சொல்லிற்று. எண்ணிக்கை மிகுந்தால் வலிமை மிகும் என்ற வியாப்தியை, வறட்சி என்னும் உபாதியைக் கவனியாமல் எடுத்துக்கொண்ட நம்முடைய கருதல்தான் பிழைபட்டது. வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு மாதங்களில் குறித்த நாளில் துயில் எழுகிறான் என்று பஞ்சாங்கம் கணிப்பதைப் பகுத்தறிவாளர் தள்ளிவிடலாம். ஆனால் நிலத்துக்குக் காலம் உண்டு, எல்லா நாளும் அதற்கு ஒரே நாள் ஆகாது என்ற உணர்வு அந்த நம்பிக்கையினுள் பொதிந்திருப்பதைக் கரிசலில் வாழ்பவர் யாரும் தள்ள முடியாது.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. எவ்வளவு பாரம் தாங்குவாய் என்று கேட்பதற்குத்தான் சம்மட்டி பயன்படும். நீர் கிடைத்தால் எவ்வளவு உப்புவாய் என்பதை அதனால் கேட்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பரிசோதனைச் சாலையில் ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரு பங்கு எடுத்து, 100 மில்லி அளவுள்ள இரண்டு கண்ணாடி ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறக் கலக்கிவிட்டு, ஒரு நாள் முழுவதும் வைத்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெய்க்குக் களிமண்ணின் ஏடுகளுக்குள் புகுந்து விலக்கும் தன்மை கிடையாது. ஆகையால் அந்த ஜாடியில் மண் தன் இயல்பான கன அளவோடு அடியில் படிந்துவிடும். தண்ணீர் ஜாடியிலோ கரிசல் மண் மெல்ல மெல்லப் பொதுமி எழும். மறுநாள் காலையில் இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரே குழியில் எடுத்த ஒரே மண், ஒன்றில் அடங்கியும் மற்றொன்றில் அதைப்போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ உயர்ந்தும் நிற்பதைக் காணலாம். இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடத் தெளிவான காண்டல் பிரமாணம் வேறு என்ன வேண்டும்? சம்மட்டியின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த ஜாடிகளைக் கேளாமல் விடுகிற அறிக்கை, கரிசலைப் பொறுத்தவரை பாதிக் கேள்வியை மட்டுமே கேட்ட அறிக்கை.

பூமி பூஜைக்கும் மண் பரிசோதனைக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஈசானிய மூலையில் சிறு குழி எடுத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, நவதானியமும் பாலும் வார்த்து, முதற்கல்லை வைக்கிறபோது, நாம் பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அகழ்வதும் குத்துவதும் பாரம் ஏற்றுவதும் அவளை வருத்தும் செயல்கள் என்ற உணர்ச்சி மிகப் புராதனமானது. மண்ணைத் தோண்டுகிறவன் அவளுடைய உயிர்நிலையைத் தாக்கிவிடாதிருக்க வேண்டும் என்ற பிரார்த்தனை அதர்வ வேதத்துப் பிருதிவி சூக்தத்திலேயே இருக்கிறது. அந்த உணர்ச்சியை நான் முழுமனத்தோடு வணங்குகிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்பது வேறு, சம்மதம் கேட்பது வேறு. செய்வதென்று முடிவு கட்டிவிட்ட செயலுக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறோம். செய்யலாமா என்று தயங்கி நிற்கும்போது சம்மதம் கேட்கிறோம். வேண்டாம் என்ற பதிலும் வரலாம், வந்தால் அதற்குக் கட்டுப்படுவேன் என்ற விநயம் இருந்தால்தான் அந்தக் கேள்வி கேள்வியாகும். மறுப்பதற்கு இடமளியாமல் கேட்கப்படும் சம்மதம், கேட்கப்படாத சம்மதத்தைக் காட்டிலும் எவ்வகையிலும் உயர்ந்ததாகாது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில், மனையின் நடுவே ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்பிப் பார்க்கும்படி விதி இருக்கிறது. மண் மிஞ்சினால் உத்தமம்; சமமானால் மத்திமம்; குறைந்தால் ஆகாது. குழியில் நீரை நிரப்பிவிட்டு நூறடி நடந்து திரும்பி வந்து, நீர் குறையாதிருக்கிறதா என்று பார்க்கும் மற்றொரு முறையும் அங்கே சொல்லப்படுகிறது. மயமதம் முதலிய சிற்ப நூல்களும் இத்தகைய பூ பரீட்சையைக் கூறுகின்றன. இச்சோதனைகள் எந்த அளவு நுண்மையானவை என்று இன்றைய அளவுகோலால் அளப்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஆகாது என்ற பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைச் சாஸ்திரமே நிலத்திடம் கேட்கச் சொல்லிற்று என்பதுதான் முக்கியம். பரீட்சை முதலில், பூஜை பின்னர் என்பது அந்த ஒழுங்கு. காலப்போக்கில் பூஜையை வைத்துக்கொண்டு பரீட்சையைக் கைவிட்டவர்கள் நாம். அந்தப் பரீட்சையின் எச்சம், கடப்பாரையை ஓங்கிக் குத்தி, அது இறங்கும் ஆழத்தையும் எழும் ஓசையையும் கொண்டு, இன்னும் இரண்டடி தோண்ட வேண்டும் என்று சொல்லுகிற வயது முதிர்ந்த கொத்தனாரிடத்தில் இன்றும் காணக்கிடைக்கிறது. முக்காலியும் சம்மட்டியும் ஏந்திவரும் இளைஞர் கூட்டத்தை அவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. அவருடைய கடப்பாரைதான் அளவும் விதியும் பெற்று அங்கே திரும்பி வந்திருக்கிறது.

கேட்கிறோம் என்பதற்காக மட்டும் பதில் சரியாகிவிடாது. எந்த ஆழத்தில் கேட்டோம் என்பதும் பொருட்டாகும். கனடா நாட்டில் வின்னிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனா என்னுமிடத்தில், பத்து லட்சம் புஷல் தானியம் கொள்ளத்தக்க ஒரு பெருங்களஞ்சியத்தைக் கான்கிரீட்டால் கட்டினார்கள். அதைக் கட்டியவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். கடைக்காலின் அடித்தளத்தில் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்த பின்னரே கட்டினார்கள். 1913 அக்டோபர் 18-ஆம் தேதி, தானியம் பெரும்பகுதி நிறைந்திருந்த நிலையில், களஞ்சியம் ஒரு மணி நேரத்தில் ஓரடி அமிழ்ந்தது; பின்னர் மெல்லச் சாய்ந்து, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய 27 பாகை சரிந்து நின்றது. சுவரோ தூணோ உடையவில்லை; பிற்பாடு அதை நிமிர்த்திப் பயன்படுத்தவும் முடிந்தது. முறிந்து வழிவிட்டது நிலம்தான். பல ஆண்டுகள் கழித்து, 1951-ல் அங்கே துளையிட்டு ஆராய்ந்தபோது, சோதிக்கப்பட்ட மேல் களிமண்ணுக்குக் கீழே அதைவிட மென்மையான களிமண் இருந்தது ஐயமின்றித் தெரியவந்தது. சோதனைக்கு வைத்த சிறு பலகையின் பாரம் மேல் மண்ணோடு நின்றுவிடும். பெருங்கட்டிடத்தின் பாரம் ஆழத்துக்கு இறங்கும். மேலே இருந்தவனிடம் சம்மதம் பெற்றுக்கொண்டு கீழே இருந்தவன் தோளில் சுமையை இறக்கினார்கள் என்று சொல்லலாம். நம் அனுஷ்டானங்கள் பலவற்றிலும், குடும்பங்களிலும், ராஜாங்கங்களிலும் இதுவே நடக்கிறது என்பதை வாசகர்கள் தாமே எண்ணிப் பார்ப்பார்கள்.

பூஜை வெறும் சடங்காகத் தேய்ந்துபோவதைக் குறைகூறுகிற நாம், பரிசோதனையும் அவ்வாறே தேய்ந்துபோகக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது. சம்மட்டி முழு உயரத்துக்கு எழாமல் பாதியிலேயே விழுந்தாலும் அடி அடிதான் என்று எண்ணப்படுகிறது; கயிறு உருளையில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு விழுகிற வேகத்தைத் தடுத்தால், மண்ணின் வலிமை இல்லாத அளவுக்குக் கூடித் தோன்றுகிறது; உச்சி வெயிலில் கை சோர்ந்த ஆள், எண்ணிக்கையை ஊகத்தால் நிறைவு செய்துவிடுகிறார். இவையாவது உடம்பின் பலவீனங்கள். பக்கத்து மனையின் அறிக்கையில் பெயரை மாற்றி அனுமதிக் கோப்பில் சேர்ப்பது பாவம்; அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மந்திரம் தெரியாமல் உதட்டை மட்டும் அசைக்கிறவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார். நடத்தாத சோதனைக்கு எண் எழுதுகிறவரோ, பிறக்காத குழந்தைகளையும் சேர்த்து ஏமாற்றுகிறார். ஏனென்றால் அந்த வீடு அறுபது எழுபது ஆண்டுகள் நிற்கப்போகிறது, அதில் உறங்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் விஷயம் ஞான விசாரத்திலிருந்து தர்ம விசாரத்துக்குள் நுழைகிறது. மாடியில் குடியேறுகிற குடும்பம் துளைப் பதிவைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தான் உட்கார்ந்திருக்கும் அறையின் கடைக்கால் எந்தப் படிவத்தில் ஊன்றியிருக்கிறது என்று கேட்பதில்லை. பட்டாசு அறையில் காலையில் நுழைந்து மாலைவரை வேலை செய்யும் பெண், தரையும் சுவரும் தன்னைக் கைவிடாது என்ற எண்ணத்தைக்கூட எண்ணாமல் தன் வேலையில் மனத்தைச் செலுத்துகிறாள். மருந்தோடு பழகுகிற அவளுக்கு வேறு எதிலும் கவனம் சிதறக்கூடாது. இவர்கள் அனைவரும் காணாததை நம்புகிறவர்கள். அவர்களுடைய நம்பிக்கை குற்றமற்றது, ஏனெனில் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அவர்களுக்காகக் கேட்கும் கடமை, கட்டுகிறவர்மீது விழுகிறது. கேட்க முடிந்தும் கேளாமல் கட்டிவிட்டு, எல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லுவதை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் பொறுப்பை ஆண்டவன் தலையில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும் செயல் அது. மிஞ்சிய சந்தேகத்தை ஆண்டவனிடம் ஒப்படைப்பதற்கு ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் தன் அறிவுக்கு எட்டியதையெல்லாம் ஆராய்ந்து முடித்தபின் எஞ்சுகிற சந்தேகமாக அது இருக்க வேண்டும். ஐந்து துளைகளுக்கு இடையே என்ன இருக்கிறது என்பது எத்தனை எத்தனித்தாலும் முழுவதும் தெரியாது. அந்தத் தெரியாமையின் முன்னால் கைகூப்புவதற்குப் பெயர்தான் சிரத்தை.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்லுவது வள்ளுவர் காலத்து மரபு. அந்த உவமையில் திளைத்து வளர்ந்த நமக்கு, நிலத்தின் பொறுமை எல்லையற்றது என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. மண் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சதுர மீட்டருக்கு இத்தனை டன் என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். நிலத்தின் பொறுமைக்கு அதுவே எல்லை. அந்த எண்ணும் நேராகக் கிடைத்ததன்று. மண் முறிந்து வழிவிடும் பாரத்தைக் கணித்து, அதை இரண்டரையாலோ மூன்றாலோ வகுத்து, கிடைத்ததையே பாதுகாப்பான பாரமாகக் கொள்கிறார்கள். அறிந்தது சிறிது, அறியாதது பெரிது என்ற ஒப்புதலைக் கணிதத்துக்குள்ளேயே எழுதிவைத்த வகுத்தல் அது. தன் அறிவின் குறைபாட்டுக்கு ஓர் எண்ணைக் குறித்து, அதைத் தானே செலுத்துகிற இந்தப் பழக்கத்தைத் தத்துவ சபைகளில் நான் அதிகமாகக் கண்டதில்லை.

கரிசலில் கட்டவே கூடாது என்று மண் சொல்லுவதில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லுகிறது. ஆழம் குறைவாக இருந்தால், கரிசலை முழுவதும் வெட்டி அகற்றிவிட்டு உப்பாத கிராவல் மண்ணை இட்டு இறுக்கலாம். ஆழமாக இருந்தால், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே செப்பனிட்டு வளர்த்த முறையில், மூன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு விரிந்த குமிழோடு கான்கிரீட் தூண்களை வார்க்கலாம். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் ஊன்றி நிற்பதால், மேலே மண் எழுந்தாலும் தாழ்ந்தாலும் தூணைப் பிடுங்க முடியாது. அத்தூண்களின் தலைகளை இணைக்கும் பிளிந்த் பீமுக்கும் அதன் அடியிலுள்ள கரிசலுக்கும் இடையே, ஏறக்குறைய எட்டுச் சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. மண் மழைக்காலத்தில் உயர்வதற்காகவே வரைபடத்தில் ஒதுக்கப்பட்ட இடம் அது. அதன்மேல் சுவர் எழும். அதன் கீழே நிலம் தன் இயல்புப்படி எழுந்து அடங்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

அந்த எட்டுச் சென்டிமீட்டரைப் பற்றித்தான் வேலை நடக்கும் இடத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பீம் வார்த்து முடிந்து, பலகை பிரித்து, தரையைச் சமப்படுத்தும் நாளில், அடியில் இடைவெளி தெரிவது அவலட்சணமாக இருக்கிறதே என்று நினைத்து, மேஸ்திரி சொல்லாமலே யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு இரண்டு கூடை மண்ணைத் தள்ளி, மண்வெட்டியின் பிடியால் குத்தி இறுக்கிவிடுவதுண்டு. ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும், உயர இடமின்றி அந்த மண் பீமை அடியிலிருந்து தூக்கத் தொடங்கும். குமிழ் பிடித்த பிடியை விடாது. நடுவில் அகப்பட்ட சுவர் பிளக்கும். ஆகவே, பக்கங்களில் செங்கல்லோ கல்லோ வைத்து இடைவெளியை மறைக்கும் வரையில் பொறியாளர் அங்கே தாமே நின்று பார்க்க வேண்டும். தம்மால் இயலாவிட்டால், அந்த இடம் எதற்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது என்பதைச் சித்தாள் வரைக்கும் எல்லோருக்கும் அமர்ந்து விளக்கிச் சொல்லிவிட்டாவது போக வேண்டும்.